சாமி பங்குச் சோறு

கொட்டு நின்றுபோன அந்த நிமிஷம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஆடி மாதத்து உச்சி வெயில். காரைக்குடிப் பக்கம் புதுவயலில் நாங்கள் மூட்டை தூக்கிய அரிசி மில்லுக்குப் பின்னால், உமி மேட்டைத் தாண்டி, ஒரு உசிலை மரத்தடியில் எங்கள் கருப்பர் இருக்கிறார். சிலை கிடையாது. நட்டு வைத்த அரிவாளும் ஒரு கல்லும்தான். அன்றைக்கு ஆண்டுப் படையல். உருமிக்காரர் வெகுநேரம் அடித்துவிட்டு, குச்சி பிடித்த கை சோர்ந்து, மெல்ல நிறுத்தினார். மில் ஓடாத நாளின் அமைதி அப்போதுதான் எங்கள் காதில் வந்து விழுந்தது. நடுவில் ஈர வேட்டியோடும் மார்பு முழுக்கத் திருநீறோடும் எங்கள் சாமியாடி அசையாமல் நின்றார். அவர் மேல் சாமி வர வேண்டும். வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்காக ஒரு குடும்பம் கூட்டத்தின் ஓரத்தில் காத்து நின்றது. சாமி வரவில்லை.

அவரை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மில்லில் சாமியாடி என்றால் அவர்தான். நான் அண்ணன் என்பேன். வருஷத்தில் ஒரு நாள் கருப்பர் அவர் மேல் இறங்குவார். மற்ற நாளெல்லாம் அவரும் எங்களைப் போல லோடுமேன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கையில் கொக்கியோடு, லாரியில் வரும் நெல்லை இறக்குவார், அரைத்த அரிசியை ஏற்றுவார். முதுகில் மூட்டை வந்து உட்காரும்போது, “வாடா மாப்ள” என்று மூட்டையோடு பேசுவார். அன்றைக்கு மூட்டை ஈரமாக, கனமாக இருந்தால், “மாப்ளைக்கு மறுவீட்டு விருந்து பலம்போல” என்பார். நான் அதிகம் பேசாதவன். அஞ்சாம் வகுப்போடு நின்று, பதினைந்து வயதிலிருந்து மூட்டை தூக்கியவன். நாலு பேர் கூடிய இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அவர் பக்கத்தில் நிற்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் முழுக்கத் தூக்கிய மூட்டைக்கு மில்லில் சனிக்கிழமை மொத்தமாகக் கூலி தருவார்கள். நெல் காயப்போடும் களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து மேஸ்திரி அதைப் பங்கு பிரிப்பார். தூக்கிய ஆளுக்கெல்லாம் சமபங்கு. மேஸ்திரிக்கும் அதே பங்குதான். அதற்கு மேல் இன்னொரு பங்கையும் பிரித்துத் தனியாக வைப்பார். அது கருப்பர் பங்கு. அவரும் எங்களோடு சேர்ந்து தூக்குகிறார், லாரிக்குச் சாய்த்து வைத்த பலகையில் ஏறும்போது கால் வழுக்காமல் பின்னால் நின்று தாங்குகிறார் என்பது எங்கள் நம்பிக்கை. அந்தப் பணம் மேஸ்திரி வீட்டில் சேரும். ஆடியில் அதில் கிடா வாங்கிப் படையல் போடுவோம். இந்தப் பக்கத்தில் கடல் கடந்து போய் வியாபாரம் செய்த பெரிய வீட்டுக்காரர்களும் தங்கள் தொழிலில் சாமியை ஒரு கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களுக்குத் தொழில் கணக்குப் பெட்டியடியில். எங்களுக்கு முதுகில்.

ஒரு மாசி மாதம், அறுவடை நெல் லாரி லாரியாக வந்து இறங்கிய நேரத்தில், எங்கள் அட்டிக்காரர் விழுந்தார். மூட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குவதை அட்டி போடுவது என்போம். கூரைத் தகரம் தலையில் இடிக்கும் உயரத்தில் நின்று கடைசி வரிசையை அடுக்குகிறவர் அட்டிக்காரர். அன்று அடியில் ஒரு மூட்டை பிதுங்கி, அட்டி சரிந்தது. அவர் கீழே கிடந்தார், அவர் மேல் மூட்டைகள் கிடந்தன. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. காரைக்குடியில் ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி பார்த்தார். வீட்டுச் செலவை யாரும் பார்க்கவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போய் இன்னொரு ஆபரேஷன் செய்தால் எழுந்து நடப்பார், நாள் கடத்தினால் எலும்பு கோணலாகக் கூடி ஆயுசுக்கும் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆபரேஷனை அரசாங்கத்தில் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் படுத்த மனுஷனைக் கொண்டுபோக வண்டி வேண்டும். அங்கே வாரக்கணக்கில் உடன் இருக்க ஆள் வேண்டும். அவருடைய மனைவி எங்கள் மில் களத்தில் நெல் கிண்டுகிறவர். அவர் மதுரையில் போய் உட்கார்ந்தால் வீட்டில் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடையாது.

ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்துப் பார்த்தோம். சில வாரம் நடந்தது. பிறகு ஒருவர் வீட்டில் சடங்கு, ஒருவர் வீட்டில் காலேஜ் பீஸ் என்று நின்றுபோனது. அந்தச் சனிக்கிழமை மேஸ்திரி வழக்கம்போலப் பங்கு பிரித்துக் கருப்பர் பங்கைத் தள்ளி வைத்தபோது, சாமியாடி எழுந்து நின்றார்.

“கருப்பர் இந்த வாரம் எத்தனை மூட்டை தூக்குனாரு மேஸ்திரி?”

“வாயை அடக்கிப் பேசு.”

“அடக்கித்தான் கேக்குறேன். தூக்காதவருக்கு ஒரு பங்கு வைக்கிறீக. தூக்கி விழுந்தவனுக்கு இல்லைங்கிறீக. இந்தப் பங்க அவன் வீட்டுக்குக் குடுங்க. கருப்பர் கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

“அதென்ன நீ சொல்லிக்கிறது? சாமியவே கேப்போம். நீதான சாமியாடி, வரச் சொல்லு பாப்போம்.”

“கூப்புட்டதும் வந்து நிக்க அவரு என்ன டவுன் பஸ்ஸா?”

“டவுன் பஸ்ஸும் நம்ம கைகாட்டுனா எங்க நிக்குது?” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. எங்களையெல்லாம்விட அதிக காலம் அந்தப் பலகையில் ஏறியவர், சாகக் கிடந்தவர்களைத் தூக்கிச் சென்றவர். மூட்டை தூக்குகிறவனுக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது சாமி ஒன்றுதான் என்று நினைத்தவர். கடைசியில் அவர் சொன்னார், “ஆடி வரைக்கும் குடுப்போம். ஆடிப் படையல்ல சாமி வந்து வேண்டாம்னு சொல்லிட்டா, அதுக்கப்பறம் நீ வாயத் திறக்கக் கூடாது.” சாமியாடி தலையாட்டினார்.

பங்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எதுவும் பேசாமல் கொடுத்துவிட்டு வருவேன் என்பதால் இருக்கும். அட்டிக்காரர் வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கத்துத் தெருவில். மில்லில் நாங்கள் ஒரே பலகையில் ஏறுவோம், ஒரே குடத்துத் தண்ணீர் குடிப்போம். ஆனால் அந்தத் தெருவில் எங்களில் ஒருவரும் கை நனைத்ததில்லை. சாதி அப்படி. நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்று கொடுப்பேன். அவருடைய மனைவி முந்தானையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் வந்துவிட்டது. மதுரைக்கு அவர்கள் கிளம்பவில்லை. மூத்த பெண் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் விறகு சுமந்து வருவதைப் பார்த்தேன். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை வாசலில் யாரும் இல்லை. உள்ளேயிருந்து அட்டிக்காரரின் குரல் வந்தது.

“உள்ள வாங்கண்ணே. வெளியவே நின்னுட்டுப் போறீகளே, நான் என்ன கடிச்சா வச்சுருவேன்? எந்திரிக்கவே முடியல.”

போனேன். கட்டிலில் கிடந்தவர் சாமி படங்கள் இருந்த பலகையைக் கண்ணால் காட்டினார். அங்கே ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. “நீங்க வாராவாரம் கொண்டாந்தது பூராம் அதுலதான் இருக்கு. ஒரு ரூவா தொட மாட்டேங்குறா. சாமி பங்காம்.”

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த அவர் மனைவி, குடத்தை இறக்காமலே சொன்னார். “நான் என்னண்ணே செய்வேன்? போன ஆடிப் படையலுக்கு இவரு வரல. குடிச்சுட்டுப் படுத்துக் கெடந்தாரு. அந்தக் குத்தந்தான் தள்ளி விட்டுருச்சு. இப்ப கருப்பர் பங்கையே எடுத்து ஆக்கித் தின்னுட்டு, எம்புள்ளைகளுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி அழுவேன்? வேண்டாம்னு திருப்புனா நீங்கள்லாம் மனசு சங்கடப்படுவீக. அதான் முடிஞ்சு வச்சிருக்கேன். ஆடிக்கு அவருக்கிட்டயே குடுத்துருவேன்.”

திரும்பி வரும் வழியில் எனக்கு அது மெதுவாகத்தான் புரிந்தது. சாமி பங்கு என்பதால்தான் எங்களால் மனம் நோகாமல் கொடுக்க முடிந்தது. சாமி பங்கு என்பதால்தான் அந்த அம்மாவால் அதைத் தொட முடியவில்லை. ஒரே பெயர்தான். எங்கள் கையில் இருந்தபோது அது பாரத்தை இறக்கியது. அவர் கைக்குப் போனதும் பாரமாகிவிட்டது. பணத்தை வேறு பெயர் சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று இப்போது யாருக்கும் தோன்றும். அன்று எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், கருப்பர் பங்கை இன்னொரு பெயரால் சொல்ல எந்த நாக்கும் துணிந்திருக்காது.

சாமியாடியிடம் சொன்னேன். அவர் ஞாயிற்றுக்கிழமை என்னோடு வந்தார். எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அந்த அம்மா கடைசியில் சொன்னார், “நீங்க சொன்னாப் போதுமாண்ணே? உங்க மேல வந்து அவரு சொல்லட்டும். அன்னைக்கே அவுக்குறேன்.”

அட்டிக்காரர் படுத்தபடியே சிரித்தார். “அதென்ன பெரிய காரியம்? அண்ணே, ஆடிக்கு ரெண்டு குதி குதிச்சு, ‘எடுத்துத் தின்னுடீ’ன்னு ஒரு சத்தம் போட்டு விடுங்க. சோலி முடிஞ்சுது. இவளுக்கு எங்க தெரியப் போகுது?”

“நான் இங்கதான் நிக்கிறேன்.”

“நிக்கிறியா? சரி, கேக்காத மாதிரி நில்லு.”

அங்கே சிரித்த சாமியாடி, கண்மாய்க் கரை ஏறியதும் சிரிப்பை விட்டுவிட்டார். வெகுதூரம் வந்த பிறகு சொன்னார். “தம்பி, அவரு வந்தா எனக்கு நினைப்பே இருக்காது. எறங்குன பொறகு என்ன சொன்னேன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். அது எனக்குத் தெரியாத இடம். அங்க நான் போயி உக்காந்துக்கிட்டு, அவரு மாதிரி பேசவா?”

ஆனி மாதம் மில்லில் மோட்டார்ப் பட்டை அறுந்து சுழன்று மேஸ்திரியின் தோளைக் கிழித்தது. இன்னும் ஒரு சாண் மேலே பட்டிருந்தால் கழுத்து. அன்றிலிருந்து எல்லோர் முகமும் மாறிவிட்டது. டீ குடிக்கும்போது பேச்சு இல்லை. பலகையில் ஏறுமுன் உசிலை மரத்துப் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறவர்கள் அதிகமானார்கள். எங்களில் ஒருவர் வேறு மில்லுக்குப் போய்விட்டார். “சாமி சாப்பாட்டப் புடுங்கிட்டோம்ல, பின்ன என்ன நடக்கும்?” என்று அவர் சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டோம். சாமியாடியின் பக்கத்தில் வந்து மூட்டைக்குக் கை கொடுக்கவும் சிலர் தயங்கினார்கள். அவர் அதைப் பார்த்தும் பார்க்காதது போல, “வாடா மாப்ள” என்று மூட்டையோடு மட்டும் பேசினார்.

இப்படித்தான் ஆடி வெள்ளி வந்தது. அந்த வருஷம் கிடா இல்லை. மாசிக்கு முன் சேர்ந்திருந்த பணத்தையும் முதல் வாரமே அட்டிக்காரர் வீட்டில் கொடுத்திருந்தோம். பொங்கலும், தேங்காய் பழமும், மேஸ்திரி வீட்டுச் சேவல் ஒன்றும்தான். உருமி வேகம் பிடித்ததும் சாமியாடியின் வலது கெண்டைக்கால் நடுங்கும். அதுதான் சாமி வருவதற்கு அடையாளம். எல்லோர் கண்ணும் அந்தக் காலிலேயே இருந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மேஸ்திரி சூடத்தை அள்ளி அள்ளி வைத்தார். வேர்வை வழிந்து திருநீறு கரைந்தது. கால் அசையவில்லை. உருமியும் நின்றது.

“கோவம். கோவமாத்தான் இருக்காரு” என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

அட்டிக்காரர் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் முடிச்சை அரிவாளின் அடியில் வைத்தார். “எனக்கு வேண்டாம்ண்ணே. அவரு பங்கு அவருக்கிட்டயே இருக்கட்டும்.” மேஸ்திரி பெருமூச்சு விட்டார். அது வருத்தமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அதோடு எல்லாம் முடிந்தது, அட்டிக்காரர் இனி எழுந்திருக்க மாட்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது சாமியாடி பேசினார். அது அவருடைய சொந்தக் குரல்.

“சாமி வரல.”

“இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுவோம்” என்றார் மேஸ்திரி.

“போதும். உருமிக்காரரு கை என்ன இரும்பா?” என்றவர் எங்கள் பக்கம் திரும்பினார். “ஆடத் தெரியாம நிக்கல நான். இத்தன வருஷம் ஆடுன ஒடம்பு, ஆடுன்னா ஆடும். நீங்களும் கும்புடுவீக. ஆனா அவரு வாய நான் எடுத்துக்கிற மாட்டேன். இப்பப் பேசுறது நான்தான். மூட்டை தூக்குறவன்.”

குனிந்து அந்த முடிச்சை எடுத்தார். கருப்பர் காலடியில் வைத்ததை எடுத்த கையை அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. கூட்டம் ஒரு அடி பின்னால் போனது.

“தங்கச்சி, இதுல அரிசி வாங்கி இன்னைக்கு ஒலை வையி. மொதச் சோறு எனக்குப் போடு. குத்தம்னா, எடுத்துக் குடுக்கச் சொன்ன எனக்குத்தான மொதல்ல வரணும்? அடுத்த வெள்ளி வரைக்கும் பாரு. நான் கையுங்காலுமா நடமாடுனா, மிச்சத்தை எடுத்துக்கிட்டு மதுரைக்குக் கெளம்பு. எனக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, கொண்டாந்து இங்கயே வச்சுரு. யாரும் ஒன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாக.”

“ஒனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்குடா” என்றார் மேஸ்திரி.

“இருக்கா. இந்தாதான் நிக்கிறா, கேளுங்க.”

அவருடைய மனைவி துண்டை நீட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். “நாஞ் சொல்லி என்னைக்குக் கேட்டாரு? எனக்கும் சேத்து ஒரு கை அரிசி போடச் சொல்லுங்க” என்றார்.

சாயங்காலத்துக்கு முன்பே சோறு ஆகிவிட்டது. கூட்டம் பின்னாலேயே வந்து தெருமுனையில் நின்றது. சாமியாடியும் அவர் மனைவியும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பு. அந்த அம்மா பரிமாறிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கிப் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார். பிள்ளைகளின் கண் சோற்றின் மேல் இருந்தது. சாமியாடி ஒரு கவளம் எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சற்று நிறுத்தினார். பிறகு சாப்பிட்டார். அவர் மனைவியும் சாப்பிட்டார். நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் மூலையில் உட்காருகிறவன் நான். முதுகுக்குப் பின்னால் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும், உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவர் திரும்பிப் பார்த்து, மூட்டையிடம் சொல்கிற அதே குரலில், “வாடா மாப்ள” என்றார். எனக்குப் பிறகு இரண்டு மூன்று பேர் வந்தார்கள். மேஸ்திரி வரவில்லை. ஆனால் அவர் தெருமுனையை விட்டுப் போகவும் இல்லை.

அடுத்த வெள்ளி வரை எங்கள் மில்லில் வேலை நடந்தது என்று சொல்ல முடியாது. சாமியாடியைப் பார்ப்பதுதான் வேலை. அவர் பலகையில் கால் வைத்தால் மில்லே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அவரோ அட்டிக்காரரின் இடத்தில் தானே ஏறி, கூரைக்குக் கீழே நின்று அடுக்கினார். களத்துப் பெண்கள் நெல் கிண்டுகிற சாக்கில் அண்ணாந்து பார்த்தார்கள். அட்டிக்காரர் மனைவி மட்டும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கிண்டினார்.

திங்கட்கிழமை அவர் முதுகில் மூட்டை ஏற்றிவிடும்போது என் கை அவர் தோளில் பட்டது. அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருந்தது.

“ஒடம்பு கொதிக்குதேண்ணே!”

“சத்தம் போடாத” என்றார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “காய்ச்சல் எல்லாருக்குந்தான் வருது, போகுது. இந்த வாரம் எனக்கு வந்தா மட்டும் அதுக்குப் பேரு வேற. அந்தப் புள்ள முடிச்சைக் கொண்டுபோயி மறுபடி அங்க வச்சுரும். சொல்லிராத தம்பி.”

பேசத் தெரியாதவன் என்று என்னை எத்தனையோ பேர் கேலி செய்திருக்கிறார்கள். அந்த வாரம் என் வாய் மூடியே இருந்தது ஒருவருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. பெட்டிக்கடையில் மாத்திரை வாங்கி, டீயோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தேன். சாமி வந்தது போல ஆட மாட்டேன் என்றவர், சுகமாக இருப்பது போல நடந்துகொண்டிருந்தார். இது மட்டும் என்ன என்று எனக்குள்ளே கேட்டுக்கொண்டேன். அவருக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்திருக்கும். ஒன்று சாமியின் வாய், இன்னொன்று தன்னுடைய உடம்பு. தன்னுடையதை அவர் எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று நினைத்தார்போல. எனக்கு இன்றுவரை கிடைத்த பதில் அவ்வளவுதான்.

புதன்கிழமை பலகையில் பாதி ஏறியபோது அவர் கால் வழுக்கியது. மூட்டை ஒரு பக்கம் விழுந்து உடைந்து அரிசி சிதறியது. அவர் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். களத்தில் நெல் கிண்டிய ஒரு கையும் நகரவில்லை. அட்டிக்காரர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சாமியாடி சிரிக்க முயன்றார். “மாப்ள கோவிச்சுக்கிட்டாரு” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மேஸ்திரி வேகமாகப் பலகையில் ஏறி அவர் கையைப் பிடித்துத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். சூடு கையில் பட்டிருக்கும். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி அவர் முகத்தைப் பார்த்தார். அவரும் மேஸ்திரியைப் பார்த்தார். எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும். ‘பாத்தியாடா, சாமி காட்டிருச்சு’ என்று மேஸ்திரி சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அது அவர் நம்பிய வார்த்தையும்கூட. அவர் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“பலகையில தவுடு கெடக்கு, எவனுக்கும் கண்ணு தெரியலையா? கூட்டி விடுங்கடா!”

பலகையில் தவிடு இல்லை. நான்தான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய், இல்லாத தவிட்டைக் கூட்டினேன். மேஸ்திரி அவரை இறக்கிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, “நீ அட்டி போட்டுக் கிழிச்சது போதும். ரெண்டு நாளைக்கு உக்காந்து மூட்டை வாயத் தையி” என்றார். தைப்பது உட்கார்ந்து செய்யும் வேலை. அன்று மத்தியானம் மேஸ்திரி வீட்டிலிருந்து ஒரு தூக்குச் சட்டியில் ரசம் சாதம் வந்தது. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அட்டிக்காரர் மனைவி களத்துக்கு வேலைக்கு வரவில்லை. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மூத்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு மில் வாசலில் வந்து நின்றார். உள்ளே வராமல் சாமியாடியையே பார்த்தார். காய்ச்சல் அப்போதுதான் விட்டிருந்தது. அவர் தையல் ஊசியை வைத்துவிட்டு எழுந்து, ஒரு மூட்டையை வாங்கி, அந்த அம்மாவின் கண்ணெதிரே பலகையில் ஏறி லாரியில் வைத்துவிட்டு இறங்கினார். அந்த அம்மா மகளை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனார். மறுநாள் வேனில் அவர்கள் மதுரைக்குப் போனார்கள். அந்த வெள்ளிக்கிழமை, தாயும் மகளும் கண் மறைந்ததும் சாமியாடி லாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் மறைத்துக்கொண்டு நின்றேன்.

இப்போது அந்த மில்லில் நெல் காய வைக்க மிஷின் வந்துவிட்டது. மூட்டையை மேலே கொண்டுபோக ஓடும் பெல்ட் இருக்கிறது. எங்கள் கூட்டம் சிறுத்துவிட்டது. வடக்கேயிருந்து வந்த பையன்கள் பாதிப் பேர். சனிக்கிழமை பங்கு பிரிப்பது மட்டும் மாறவில்லை. கருப்பர் பங்கை முதலில் எடுத்து வைக்கிறார்கள். விழுந்தவர், படுத்தவர் வீட்டுக்கு அது போகிறது. அப்படி யாரும் இல்லாவிட்டால்தான் படையலுக்கு. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் மேஸ்திரிதான். போன மழைக்காலத்தில் ஒரு வடக்கத்திப் பையன் மஞ்சள்காமாலையில் படுத்தபோது, அவன் பங்கு வேண்டாம் என்று கூச்சப்பட்டான். மேஸ்திரி பாஷை தெரியாமல் வானத்தைக் காட்டி, அவன் வயிற்றைக் காட்டி, புரியவைத்தார். அட்டிக்காரர் கம்பு ஊன்றி நடக்கிறார். மில் வாசலில் வண்டி எடை பார்க்கிறார். ஆடிப் படையலில் சாமி இப்போது வேறொருவர் மேல் வருகிறது. அந்த ஆடிக்குப் பிறகு எங்கள் சாமியாடியின் கால் நடுங்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் குளித்துவிட்டு வந்து நிற்பார். உருமி அடிக்கும். காத்திருப்பார். பிறகு கூட்டத்தோடு கூட்டமாக நின்று கையெடுத்துக் கும்பிடுவார். எல்லோரும் இன்னும் அவரைச் சாமியாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

போன ஆடியில் படையல் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவரும் நானும் மட்டும் உசிலை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வெகுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். “சாமி குத்தமெல்லாம் ஒண்ணும் கெடையாதுன்னு அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமாண்ணே? அதான் தைரியமா எடுத்துத் தின்னீகளா?”

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “யாரு சொன்னா? காய்ச்சல் வந்த அன்னைக்கு, முடிஞ்சுதுடா நம்ம கதைன்னு ராத்திரி பூரா முழிச்சுக் கெடந்தேன். பொண்டாட்டிக்கிட்ட, புள்ளைகளைப் பாத்துக்கன்னு சொல்லவும் செஞ்சேன்.” கல்லின் மேல் விழுந்திருந்த சருகைக் கையால் தள்ளிவிட்டார். “நம்பாமத் தின்னேன்னா நெனச்ச இத்தன வருஷமும்? நம்பித்தான் தம்பி தின்னேன்.”